ஹெல்மெட்டை மறந்தால் வண்டி நிற்காது: லாரன்ஸ் ஆஃப் அரேபியாவின் கடைசி இரண்டு கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நண்பர்களோடு பைக்கில் திருமுக்கூடலுக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். காஞ்சிபுரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். முந்தின நாள் இரவே பெட்ரோல் போட்டாச்சு, டயரில் காற்று பார்த்தாச்சு. போன் சார்ஜ் ஏறிவிட்டது, தண்ணீர் பாட்டில் பைக்குள் போய்விட்டது. வாலாஜாபாத் தாண்டி டீக்கடையில் நிறுத்தும்போதுதான் ஒருவர் தலையைத் தடவிப் பார்க்கிறார். ஹெல்மெட் வீட்டு ஆணியிலேயே தொங்குகிறது.

திரும்பிப் போக யாருக்கும் மனசு வராது. பக்கத்துலதானே, மெதுவா போயிக்கலாம் என்று பேச்சு முடிந்துவிடும்.

இன்று ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் மருத்துவ ஆய்வை ஒருவருடைய மரணம்தான் தொடங்கிவைத்தது. அவரும் அன்று போனது பக்கத்தில்தான். தந்தி ஒன்று கொடுத்துவிட்டு, இரண்டு கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருந்த வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் டி.இ. லாரன்ஸ். உலகம் அவரை லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்று அறியும். 1962-ல் டேவிட் லீன் எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: பாலைவனக் கதை என்று உட்கார்ந்தால், படம் ஒரு பைக் விபத்தில்தான் தொடங்கும்.

யார் இந்த லாரன்ஸ்?

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் 1888 ஆகஸ்ட் 16 அன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டிரெமாடாக் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து சகோதரர்களில் இரண்டாமவர். பெற்றோர் முறைப்படி திருமணம் செய்துகொள்ளாதவர்கள். அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பமே மறைத்து வைக்க வேண்டிய ரகசியம். ஊர் ஊராக மாறிக் கடைசியில் 1896-ல் குடும்பம் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கியது.

ஆள் குள்ளம். வளர்ந்த பிறகும் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம்தான். ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் நிறுத்த முடியாது. பதின்ம வயதிலேயே பிரான்ஸ் முழுக்கச் சைக்கிளில் சுற்றி, பழைய கோட்டைகளைப் பார்த்து வரைந்து குறிப்பெடுத்தார். 1908 கோடையில் மட்டும் ஏறக்குறைய 2,400 மைல் மிதித்தார். நம் கணக்கில் 3,800 கிலோமீட்டருக்கும் மேல். கூகுள் மேப் எல்லாம் இல்லாத காலம்.

அடுத்த ஆண்டு, அப்போது துருக்கியரின் ஒட்டோமான் பேரரசில் இருந்த சிரியாவுக்குப் போய், சிலுவைப் போர்க் காலக் கோட்டைகளைப் பார்க்க மூன்று மாதம் கால்நடையாகவே அலைந்தார். அந்த ஆய்வு அவருக்கு 1910-ல் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் வகுப்புப் பட்டம் வாங்கித் தந்தது. பிறகு 1911 முதல் 1914 வரை சிரிய எல்லையில் கார்கெமிஷ் என்ற இடத்தில் அகழாய்வுப் பணி. அரபு மொழியும் அந்த மக்களின் பழக்கவழக்கமும் அவருக்குப் படிந்தது அங்கேதான்.

பாலைவனத்தில் என்ன செய்தார்?

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. அரபு தெரிந்த இளைஞரை ராணுவம் கெய்ரோவில் உளவுப் பிரிவில் உட்காரவைத்தது. 1915-ல் அவருடைய சகோதரர்கள் இருவர் போர்முனையில் இறந்துபோனார்கள். 1916-ல் துருக்கியருக்கு எதிராக அரபுக் கிளர்ச்சி தொடங்கியபோது, தொடர்பு அதிகாரியாக அனுப்பப்பட்ட லாரன்ஸ் அரேபியர்களோடு ஒட்டகத்தில் ஏறிவிட்டார்.

1917 ஜூலை 6 அன்று அகாபா துறைமுகம் கிளர்ச்சியாளர் கைக்கு வந்தது. கடல் பக்கமிருந்துதான் தாக்குதல் வரும் என்று துருக்கியப் படை காத்திருக்க, இவர்கள் யாரும் எதிர்பாராத பாலைவனம் வழியாகச் சுற்றி வந்து இறங்கினார்கள். அந்தப் பயணத்தில் நடந்த ஒரு மோதலில், பாய்ந்து ஓடும் ஒட்டகத்தின் மேலிருந்து சுட்ட லாரன்ஸ், தவறுதலாகத் தன் ஒட்டகத்தின் தலையிலேயே சுட்டுவிட்டார். ஒட்டகம் விழ, அவர் தூக்கி எறியப்பட்டார்.  உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

1918 அக்டோபரில் டமாஸ்கஸ் வீழ்ந்தது. ஆனால் அரேபியர்களுக்குச் சொன்ன வாக்கை பிரிட்டனும் பிரான்ஸும் காப்பாற்றவில்லை, அந்த நிலத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. அந்தக் குற்றவுணர்வு லாரன்ஸை வாழ்நாள் முழுக்க விடவில்லை. இன்னொரு பக்கம், லோவல் தாமஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் படம் காட்டிக் காட்டிப் பேசி இவரை உலகப் புகழ் பெற்றவராக ஆக்கிவிட்டார். அந்தப் புகழ் லாரன்ஸுக்குப் பிடித்தும் இருந்தது, தாங்கவும் முடியவில்லை.

ரயில் நிலையத்தில் தொலைந்த பை

லாரன்ஸின் வாழ்க்கையில் மறதியால் வந்த பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதற்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தமில்லை.

1919-ல் தன் போர் அனுபவங்களைப் பெரிய புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். பின்னாளில் ‘ஞானத்தின் ஏழு தூண்கள்’ என்று புகழ்பெற்ற நூல் அது. அந்த ஆண்டுக் கடைசியில் ரீடிங் என்ற ரயில் நிலையத்தில் வண்டி மாறும்போது, கையெழுத்துப் பிரதி இருந்த பையை விட்டுவிட்டார். ஞாபகம் வந்து தேடியபோது பை இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. இரண்டரை லட்சம் சொற்கள் இருந்திருக்கும் என்கிறார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதற்கான போர்க்காலக் குறிப்புகளை அவர் அழித்துவிடுவது வழக்கம். அதனால் திரும்பிப் பார்க்கவும் ஒன்றுமில்லை.

லாரன்ஸ் என்ன செய்தார்? லண்டனில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்தே முழுப் புத்தகத்தையும் மறுபடி எழுதினார். மாதக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் சரியாக இல்லை. முதல் பிரதியைவிடப் பெரிதாகவே வந்தது.

தொலைந்ததைத் தலைக்குள்ளிருந்து திரும்ப எடுக்க முடிந்ததால்தான் அந்தப் புத்தகம் இன்று இருக்கிறது. அந்தத் தலைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் அவர் தினமும் வண்டி ஓட்டினார்.

கராச்சியில் ஒரு சாதாரணச் சிப்பாய்

கர்னலாக இருந்தவர் 1922-ல் ஜான் ஹ்யூம் ராஸ் என்ற பொய்ப் பெயரில் விமானப்படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்தார். பத்திரிகைகள் கண்டுபிடித்து எழுதிவிட, 1923 தொடக்கத்தில் வெளியே அனுப்பப்பட்டார். உடனே டி.இ. ஷா என்று பெயரை மாற்றிக்கொண்டு டாங்க் படையில் சேர்ந்தார். அந்தப் படையின் முகாம் இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் போவிங்டன் என்ற ஊரில் இருந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கிளவுட்ஸ் ஹில் என்ற சின்னக் குடிசை வீட்டை வாடகைக்குப் பிடித்து, பிறகு சொந்தமாக்கிக்கொண்டார். 1925-ல் மறுபடி விமானப்படை.

1927 முதல் 1929 தொடக்கம் வரை அவர் இருந்தது அன்றைய இந்தியாவில். முதலில் கராச்சி, பிறகு ஆப்கன் எல்லைக்குப் பக்கத்தில் மீரான்ஷா. எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே, ஹோமரின் ஒடிஸி காவியத்தை கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஆப்கானிஸ்தானில் கலகம் வெடித்தபோது, லாரன்ஸ்தான் உளவாளியாக இருந்து தூண்டிவிடுகிறார் என்று வதந்தி கிளம்பியது. சங்கடப்பட்ட அரசு அவரை இங்கிலாந்துக்கே திருப்பி அழைத்துக்கொண்டது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1931 பிப்ரவரியில் பிளிமத் கடற்கரையில் ஒரு விமானம் கடலில் விழுந்ததை லாரன்ஸ் நேரில் பார்த்தார். காப்பாற்ற ஓடியவர்களில் அவரும் ஒருவர். பலர் இறந்துபோனார்கள். மீட்கப் போக வேண்டிய படகுகள் மெதுவானவை என்பது அவரை உறுத்தியது. அதற்குப் பிறகு பணியில் இருந்த நாலு ஆண்டும் அதிவேக மீட்புப் படகுகளை வடிவமைக்கவும் சோதிக்கவுமே செலவழித்தார். ஆபத்து வந்த பிறகு கருவியைத் தேடக் கூடாது, முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

பிரஃப் சுப்பீரியர்: அந்தக் காலத்துக் கனவு பைக்

1922-லிருந்து லாரன்ஸுக்கு ஒரே ஒரு ஆடம்பரம்தான். நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் பிரஃப் என்பவர் தயாரித்த பிரஃப் சுப்பீரியர் பைக். மோட்டார் சைக்கிள்களின் ரோல்ஸ் ராய்ஸ் என்று பெயர் வாங்கிய வண்டி. அதிலும் எஸ்.எஸ். 100 என்ற மாடல், மணிக்கு 100 மைல் ஓடும் என்ற உத்தரவாதத்தோடு வந்தது. ஏறக்குறைய 160 கிலோமீட்டர் வேகம். லாரன்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பிரஃப் வைத்திருந்தார். தயாரித்தவர் பெயரையே வைத்து ஜார்ஜ் என்று கூப்பிட்டார்.

சிப்பாய் சம்பளத்தில் வேறு எதுவும் வாங்காதவர், வார இறுதிகளில் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டினார். ஒருமுறை லிங்கன்ஷயர் சாலையில், தலைக்கு மேலே பறந்த போர் விமானத்தோடு பந்தயம் ஓட்டியதைத் தானே எழுதியிருக்கிறார். வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில், பராமரிப்பதில் குறையே சொல்ல முடியாது. இவ்வளவு அக்கறையும் வண்டிக்குத்தான்.

1935 மே 13: என்ன நடந்தது?

1935 பிப்ரவரி 26 அன்று லாரன்ஸ் பணி ஓய்வு பெற்றார். யார்க்ஷயரின் பிரிட்லிங்டன் ஊரிலிருந்து அவர் விடைபெற்றது சைக்கிளில். வயது 46. இனிமேல் கிளவுட்ஸ் ஹில்லில் புத்தகங்களோடு அமைதியாக இருக்கலாம் என்பது திட்டம்.

பதினோரு வாரம் கழித்து, மே 13, திங்கட்கிழமை. எழுத்தாளர் ஹென்றி வில்லியம்சன் பார்க்க வர விரும்பி எழுதியிருந்தார். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லித் தந்தி கொடுக்க, லாரன்ஸ் ஏழாவது ஜார்ஜில் ஏறி போவிங்டன் முகாமுக்குப் போனார். தந்தி கொடுத்தாயிற்று. திரும்பும் வழியில், வீட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது, சாலை ஏறி இறங்கும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் இரண்டு பையன்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது மேட்டிலிருந்து வந்தவருக்குக் கடைசி நொடியில்தான் தெரிந்தது. விலக்கினார். ஒரு சைக்கிளில் உரசி, வண்டி கட்டுப்பாடு இழந்து, ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்பட்டார்.  அடி தலையில்.

வேகமாகப் போனாரா? விசாரணையில் சாட்சி சொன்ன ராணுவ வீரர் ஒருவர் மணிக்கு 50, 60 மைல் என்றார். ஆனால் வண்டி இரண்டாவது கியரில் சிக்கிக் கிடந்தது. அந்த கியரில் மணிக்கு 38 மைலுக்கு மேல் போகாது என்பது வண்டியைத் தெரிந்தவர்களின் கணக்கு. அது உண்மையானால், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 160 ஓடக்கூடிய வண்டியில், இன்று ஒரு ஸ்கூட்டர் ஒரகடம் சாலையில் சர்வசாதாரணமாகப் போகும் வேகம்.

போவிங்டன் ராணுவ மருத்துவமனையில் ஆறு நாள் நினைவு திரும்பாமலே இருந்து, மே 19 அன்று காலை இறந்தார். இரண்டு நாள் கழித்து மோர்டன் என்ற பக்கத்து ஊரில் அடக்கம். வின்ஸ்டன் சர்ச்சில் வந்திருந்தார்.

அப்போது ஹெல்மெட்டே இல்லையா?

இருந்தது. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் மருத்துவராக இருந்த எரிக் கார்ட்னர், பைக் ஓட்டிகள் தலையில் அடிபட்டு வருவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், கித்தான் துணியில் அரக்கு பூசி ஒரு தலைக்கவசம் செய்யவைத்தார். 1914-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் அது கட்டாயமாக்கப்பட்டது. வழக்கமாக அந்தப் பந்தயத்தில் தலை அடிபட்டு மயங்கியவர்கள் பலர் வருவார்கள், இந்த வருஷம் ஒருவரும் இல்லை என்று தீவின் மருத்துவரிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது.

அதாவது லாரன்ஸ் விழுவதற்கு 21 ஆண்டுகள் முன்பே தீர்வு தெரிந்திருந்தது. ஆனால் அது பந்தயக்காரர்கள் அணிவது, சாதாரணமாக ரோட்டில் போகிறவர்களுக்கு எதற்கு என்று இருந்துவிட்டார்கள். அன்று லாரன்ஸ் ஹெல்மெட்டை மறந்துபோனார் என்று சொல்ல முடியாது. அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பழக்கமே யாருக்கும் இல்லை.

ஒரு மருத்துவரால் மறக்க முடியாத நோயாளி

லாரன்ஸைப் பார்க்க வரவழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், அப்போது வயது 38. நவீன மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்கர் ஹார்வி குஷிங்கிடம் பயிற்சி பெற்றவர். பிரிட்டனில் அந்தத் துறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூளை சிதைந்த பிறகு அறுவை சிகிச்சை நிபுணருக்கு அங்கே வேலை குறைவு. வேலை இருப்பது அதற்கு முன்னால்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1937-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நஃபீல்ட் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவிக்குப் பணம் கொடுத்த நஃபீல்ட் பிரபு யார் தெரியுமா? அதே ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்துத் தொழிலைத் தொடங்கிய வில்லியம் மாரிஸ். பிறகு மாரிஸ் கார் கம்பெனியின் அதிபர். நம் ஊர் அம்பாசடர் கார், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற அந்தக் கம்பெனி மாடலின் வழி வந்ததுதான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் கெய்ர்ன்ஸுக்கு ஆய்வுக்கான காரணம் கண் முன்னால் நின்றது. தகவல் கொண்டுபோகும் ராணுவ பைக் வீரர்கள் இருட்டடிப்புச் சாலைகளில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கணக்கெடுத்தார். போர் தொடங்குவதற்கு முந்தைய 21 மாதங்களில் பிரிட்டன் சாலைகளில் இறந்த பைக் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்தவர்களும் 1,884 பேர். போரின் முதல் 21 மாதங்களில் 2,279 பேர். இறப்புக்கு முக்கியக் காரணம் தலைக்காயம். ஹெல்மெட் போட்டிருந்து விபத்தில் சிக்கியவர்கள் அவரிடம் வந்தது கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கே. ஆனால் அவர்கள் தலைக்காயத்தால் சாகவில்லை. ஹெல்மெட் உடைந்திருந்தது, மண்டை தப்பியிருந்தது.

இந்தக் கட்டுரை 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அடுத்த மாதமே பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்கள் எல்லோருக்கும் பணியின்போது ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. வேண்டுமானால் போடு என்று விடாமல், போட்டால்தான் வண்டி எடுக்கலாம் என்று ஆக்கியதுதான் மாற்றத்தைக் கொண்டுவந்தது. பொதுமக்களுக்கான சட்டம் பிரிட்டனில் 1973-ல்தான் வந்தது. கெய்ர்ன்ஸ் அதைப் பார்க்கவில்லை, 1952-லேயே இறந்துவிட்டார்.

நம் ஊர் நிலவரம் என்ன?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு இந்தியாவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் கட்டாயம் என்பது கண்டிப்பாக அமலுக்கு வந்தது. 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 1,000 ரூபாய். லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைக்கவும் முடியும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம்.

ஆனாலும், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

மெதுவாகப் போனால் ஹெல்மெட் வேண்டாமா?

பக்கத்துலதானே, மெதுவாத்தானே என்பவர்களுக்கு ஒரு சின்ன பௌதிகக் கணக்கு. பைக்கில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி ஓடவே வேண்டாம். அந்த உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வண்டி ஓடினால், முன்னோக்கிய வேகம் அதோடு சேரும்.

ஹெல்மெட் செய்யும் வேலை ரொம்ப எளிது. வெளி ஓடு அடியைப் பரவலாக்குகிறது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பஞ்சு நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது. அந்த மில்லி விநாடிகள்தான் உயிர். ஒருமுறை நசுங்கிய பஞ்சு மறுபடி எழாது. அதனால் பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது. தாடைப் பட்டை மாட்டாவிட்டால் விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் பறந்துவிடும். உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் இறப்பு ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது.

திருமுக்கூடல் கல்வெட்டு சொல்லும் பட்டியல்

ஆபத்து வருமுன் தயாராக இருப்பது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பைக் எடுத்துப் போகிறோமே, அதே திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் அது எழுதியிருக்கிறது.

வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அது. 1068 வாக்கில் வெட்டப்பட்டது. அங்கே வேதம் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை இருந்தது. 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவை சிகிச்சை செய்ய ஒருவர், மருந்துச் செடியும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர். இரவு முழுக்க எரிய ஒரு விளக்கு. எல்லோருக்கும் என்ன கூலி என்பதுவரை கல்லில் இருக்கிறது.

அதைவிடச் சுவாரசியம், மருந்துப் பட்டியல். வில்வாதி கிருதம், தசமூல அரீதகி, கல்யாண லவணம் என்று ஏறக்குறைய இருபது மருந்துகள். ஓர் ஆண்டுக்குத் தேவையானதை முன்கூட்டியே இருப்பு வைக்க வேண்டும். நோயாளி யார், என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே மருந்து அலமாரியில் இருக்க வேண்டும். அந்த வைத்தியர் கெட்டிக்காரராகத்தான் இருந்திருப்பார். ஆனாலும் அவர் ஞாபகத்தை மட்டும் நம்பவில்லை, கல்லில் வெட்டிவைத்தார்கள்.

பிரிட்டிஷ் ராணுவம் 1941-ல் செய்ததும் இதுதான். ஒவ்வொரு வீரனும் தினமும் ஞாபகம் வைத்துக்கொள்வான் என்று விடாமல், அதை விதியாக்கியது.

அப்போ நாம் ஏன் மறக்கிறோம்?

சாவியை மறந்தால் வண்டி கிளம்பாது. பெட்ரோலை மறந்தால் வழியில் நின்றுவிடும். போனை மறந்தால் ஐந்து நிமிஷத்தில் கை தேடும். ஹெல்மெட்டை மறந்தால் மட்டும் வண்டி சமத்தாகக் கிளம்பிவிடும், எதுவும் நின்று ஞாபகப்படுத்தாது. மறதிக்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. ஞாபகப்படுத்தும் ஏற்பாடு இல்லாததும்தான்.

அந்த ஏற்பாட்டை நாமே செய்துகொள்ளலாம். செலவு எதுவும் இல்லை:

வண்டிச் சாவியை ஹெல்மெட்டுக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஹெல்மெட்டைத் தொடாமல் சாவி கைக்கு வரக் கூடாது.

பின்னால் உட்காருபவருக்கான ஹெல்மெட்டும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். கிளம்பும் நேரத்தில் தேடினால் கிடைக்காது.

நீண்ட பயணம் என்றால் முந்தின இரவே ஒரு பையைக் கட்டிவிடுங்கள்: கையுறை, மழைக்கோட்டு, தண்ணீர், சின்ன முதலுதவிப் பெட்டி. சைக்கிள் ஓட்டிகள் என்றால் ஒரு டியூப், காற்று பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான். திரும்பி வந்ததும் தீர்ந்ததை நிரப்பி அதே ஆணியில் மாட்டுங்கள்.

வழியில் ஞாபகம் வந்தால் திரும்பிப் போங்கள். நண்பர்கள் கிண்டல் செய்தால் செய்யட்டும், டீ ஆறினால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

கடைத்தெருவுக்குப் போனாலும், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் இதே விதிதான். நூற்றுக்கணக்கான மைல் பயணங்களிலிருந்து பத்திரமாக வீடு திரும்பிய லாரன்ஸ், கடைசியில் விழுந்தது தன் வீட்டு வாசலுக்குச் சில நூறு மீட்டர் முன்னால்.